காருக்கு ரீகால் வந்துவிட்டது, பார்ட்ஸ் வரவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கார் சர்வீஸ் சென்டரின் முன்மேசையில் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். “பார்ட்ஸ் இன்னும் வரலை சார், வந்ததும் நாங்களே கூப்பிடுறோம்” என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. வேலையை விட்டு இரண்டு வருடம் கழித்து என் காருக்கே ரீகால் வந்தது. அதே வரியை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டபோதுதான் அது காதில் எப்படி விழும் என்று தெரிந்தது. அதிலிருந்து சொந்தக்காரர்களும் எங்கள் அடுக்ககத்துக்காரர்களும் ரீகால் பற்றி என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரீகால் என்றால் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவார்களா?

இல்லை. இந்தக் குழப்பத்துக்குச் செய்தித்தாள்கள்தான் பாதிப் பொறுப்பு. “50,000 கார்களைத் திரும்பப் பெறுகிறது நிறுவனம்” என்று தலைப்புப் போட்டால், படிப்பவர் காரைக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பார். ஒரு பெரியவர் ஆர்சி, இன்சூரன்ஸ், இரண்டு சாவி எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் சென்டருக்கே வந்துவிட்டார். விஷயம் இவ்வளவுதான்: கார் உற்பத்தியில் அல்லது வடிவமைப்பில் ஒரு பாதுகாப்புக் குறை இருப்பதை நிறுவனம் ஒப்புக்கொள்கிறது, அந்தப் பாகத்தை இலவசமாகச் சோதித்து அல்லது மாற்றித் தர உங்களைக் கூப்பிடுகிறது. கார் உங்களுடையதாகவே இருக்கும். பணம் திரும்பக் கிடைக்கிற ஒரு வழி சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது, அது கீழே வரும்.

என் கார் அதில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சேசிஸ் நம்பரை வைத்துத்தான். 17 இலக்கம். ஆர்சியில் இருக்கும், முன்கண்ணாடியின் கீழ் மூலையிலோ கதவுத் தூணிலோ இருக்கையின் அடியிலோ பொறித்தும் இருக்கும். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்யம், ஐ போலத் தெரிந்தால் அது ஒன்று. “உங்க நம்பரை சிஸ்டம் எடுக்கலை சார்” என்று வந்த புகார்களில் பாதி இந்தப் பூஜ்யத்தால் வந்தவை.

பெரிய நிறுவனங்களின் இணையதளங்களில் ரீகால் பார்ப்பதற்கென்று ஒரு பக்கம் இருக்கும். நம்பரைத் தட்டினால் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாமின் தளத்திலும், எந்த நிறுவனம் எந்த மாடலை எந்தத் தேதியில் அழைத்தது என்ற பட்டியல் இருக்கிறது.

கடிதமோ போனோ வரும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். என் கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நிறுவனத்தின் பதிவேட்டில் முதல் உரிமையாளரின் போன் நம்பர்தான் இருந்தது. அவருக்கு எஸ்எம்எஸ் போயிருக்கிறது. காரைத்தான் விற்றாகிவிட்டதே என்று அவர் அழித்துவிட்டார். எனக்குத் தெரியவந்தது ஐந்து மாதம் கழித்து, அதுவும் வேறு வேலையாகப் போனபோது. அன்றே என் பெயரையும் நம்பரையும் பதிவில் மாற்றச் சொன்னேன். பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் இதை இன்றைக்கே செய்யலாம், இரண்டு நிமிட வேலை.

எதிர்வீட்டிலும் அதே மாடல், அதே வருடம். அவருக்கு வந்தது, எனக்கு வரவில்லை. விட்டுவிட்டார்களா?

அநேகமாக இல்லை. கோளாறு பெரும்பாலும் மாடலுக்கு வருவதில்லை, ஒரு குறிப்பிட்ட பாகத்தின் ஒரு குறிப்பிட்ட தொகுதிக்குத்தான் வரும். 2023 ஜனவரியில் மாருதி சுசுகி ஆல்டோ கே10, பலேனோ, பிரெஸ்ஸா, கிராண்ட் விட்டாரா உள்ளிட்ட மாடல்களில் 17,362 கார்களை ஏர்பேக் கன்ட்ரோலருக்காக அழைத்தது. அவை எல்லாம் 2022 டிசம்பர் 8க்கும் 2023 ஜனவரி 12க்கும் இடையில் தயாரானவை. டிசம்பர் 7ஆம் தேதி உருண்டு வெளியே வந்த காருக்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று. முதலில் சின்னதாக அறிவித்து, பிறகு பட்டியலை நீட்டிக்கொண்டே போவதும் உண்டு. அதனால் இன்று இல்லை என்று வந்தால் ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள்.

இதற்குப் பணம் கட்ட வேண்டுமா? வாரண்டி முடிந்துவிட்டதே?

வாரண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாகமும் இலவசம், லேபரும் இலவசம். காரை உள்ளே விட்ட சாக்கில் “சர்வீஸும் டியூ ஆகுது, சேர்த்துப் பண்ணிடலாமா” என்று கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன், மாத டார்கெட் இருந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கோளாறு என்று அவர்களே அறிவிக்கிறார்கள், மாற்றக் கேட்டால் பார்ட்ஸ் இல்லை என்கிறார்கள். இது என்ன கணக்கு?

கோபம் வருவது நியாயம்தான். கோளாறு என்று தெரிந்த பிறகு சொல்லாமல் இருப்பது தவறு என்பதால் அறிவிப்பு முதலில் வந்துவிடுகிறது. மாற்றுப் பாகத்தை வடிவமைத்து, சோதித்து, லட்சக்கணக்கில் செய்து, ஊர் ஊராக அனுப்ப மாதங்கள் பிடிக்கும். அந்தப் பாகத்தைச் செய்வது பெரும்பாலும் கார் நிறுவனம்கூட இல்லை, அதற்குச் சப்ளை செய்யும் இன்னொரு நிறுவனம். அதன் தொழிற்சாலை புதுக் கார்களுக்கும் அதே பாகத்தைச் செய்துகொண்டிருக்கும். புதுக் காருக்கு முதலில் கொடுப்பதா, ரீகாலுக்கு முதலில் கொடுப்பதா என்ற கேள்வியை உங்கள் ஊர் சர்வீஸ் சென்டர் முடிவு செய்வதில்லை.

இந்தத் தாமதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டகாட்டா ஏர்பேக்கை விடப் பெரிய உதாரணம் இல்லை. ஏர்பேக்குக்குள் இன்ஃப்ளேட்டர் என்று ஒரு சின்ன உலோக உருளை இருக்கிறது. மோதிய கணத்தில் அதற்குள் இருக்கும் வெடிமருந்து எரிந்து, வாயுவாகிப் பையை நிரப்பும். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் அந்த மருந்தாக அம்மோனியம் நைட்ரேட்டைப் போட்டது, பல மாடல்களில் ஈரத்தை உறிஞ்சும் பொருளை உடன் வைக்காமலே. நம் ஊர்ப் பட்டாசு ஈரம் பட்டால் நமுத்துப்போய் வெடிக்காது. இது நேர் எதிர். ஆண்டுக்கணக்கில் புழுக்கமும் வெயிலும் மாறி மாறிப் பட்டதில் மருந்து வில்லைகள் உதிர்ந்துபோய், எரியவேண்டிய வேகத்தைத் தாண்டி எரிந்தன. உருளையே வெடித்து, உலோகத் துண்டுகள் ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் பாய்ந்தன. சிறிய மோதலில் பிழைத்திருக்க வேண்டியவர்கள் தங்களைக் காக்க வேண்டிய பையாலேயே இறந்தார்கள்.

2008 நவம்பரில் ஹோண்டா இதற்காக முதலில் அழைத்தது சுமார் 4,000 கார்களை மட்டும். 2015 மே மாதத்தில், அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 3.4 கோடி வாகனங்களில் குறை இருப்பதாக டகாட்டா ஒப்புக்கொண்டது. கடைசியில் அந்த நாட்டில் 19 கார் நிறுவனங்கள், சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் என்று ஆகிவிட்டது. உலகத்தில் யாராலும் ஒரே வருடத்தில் அத்தனை உருளைகளைச் செய்ய முடியாது. போட்டி நிறுவனங்களான ஆட்டோலிவ், டைசெல் ஆகியவையும் சேர்ந்து செய்தும் போதவில்லை. எனவே அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வரிசை வைத்தது: புளோரிடா, டெக்சாஸ், ஹவாய் மாதிரி வெயிலும் புழுக்கமும் கூடிய இடங்களில் இருக்கும் பழைய கார்களுக்கு முதலில், குளிர் மாநிலங்களுக்குப் பிறகு. வரிசையின் கடைசியில் நின்றவர்கள் “உங்கள் காரில் ஆபத்தான பாகம் இருக்கிறது, மாற்ற எங்களிடம் இன்னும் பாகம் இல்லை” என்று எழுதிய கடிதத்தை வீட்டில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டினார்கள். 2017 ஜனவரியில் டகாட்டா சோதனை முடிவுகளை மறைத்த குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அதே ஆண்டு ஜூனில் திவால்.

இந்தியாவுக்கும் அந்த வரிசையில் இடம் இருந்தது. ஹோண்டா 2016 ஜூலையில் மட்டும் சிட்டி, ஜாஸ், சிவிக், சிஆர்-வி எனச் சுமார் 1.9 லட்சம் கார்களை இங்கே அழைத்தது.

அதுவரை காரை ஓட்டலாமா?

எனக்கு வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான். “ஓட்டலாம் சார், ஒண்ணும் ஆகாது” என்று அட்வைசர் வாய்வார்த்தையாகச் சொல்வதை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் அதைச் சொன்னது எங்களுக்குத் தெரிந்ததால் இல்லை, வரிசையில் உங்களுக்குப் பின்னால் ஆறு பேர் நின்றதால். நிறுவனத்தின் அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

சில அறிவிப்புகளில் பாகம் மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம் என்று இருக்கும். மேலே சொன்ன 17,362 கார்களின் உரிமையாளர்களுக்கு மாருதி சொன்னது அதுதான். 2016 ஜூனில் அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா கார்களைச் சோதித்தபோது, மோதினால் இன்ஃப்ளேட்டர் வெடிப்பதற்கு 50 சதவீதம்வரை வாய்ப்பு இருந்தது. சரிசெய்யாமல் அப்படி 3,13,000 கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஷோரூமுக்குத் தவிர வேறெங்கும் ஓட்டாதீர்கள் என்று அரசே சொன்னது. அந்தக் கதை முடிந்துவிட்டது என்று நினைத்தால், 2025 ஜூனில் பிரான்சின் ரேம்ஸ் நகரில் சித்ரோயன் சி3 ஓட்டிய ஒருவர் அதே டகாட்டா உருளையால் இறந்தார். அதன் பிறகுதான் அந்தத் தலைமுறை சி3 கார்களை எல்லாம் நிறுத்தச் சொன்னார்கள்.

சிலவற்றில் ஓட்டலாம், ஆனால் வீட்டுக்குள் நிறுத்தாதே என்பார்கள். செவ்ரோலே போல்ட் மின்காரின் பேட்டரி தீப்பிடித்த சமயத்தில், 2021இல், அதன் உரிமையாளர்களுக்கு வந்த அறிவுரைகள்: 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாதே, ராத்திரி வீட்டுக்குள் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதே, மற்ற கார்களிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்து. அடுக்ககத்தில் இருப்பவர் 50 அடிக்கு எங்கே போவார்?

இன்னொரு வகை, நம் ஊருக்கு நேராகப் பொருந்துவது. 2021 செப்டம்பர் 3ஆம் தேதி மாருதி சுசுகி சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 பெட்ரோல் கார்களில் 1,81,754ஐ மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் என்ற மின்பாகத்துக்காக அழைத்தது. மாற்றும் வேலை நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கும், அதுவரை தண்ணீர் தேங்கிய சாலைகளில் ஓட்ட வேண்டாம், மின்பாகங்களில் நேராகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்றது. நவம்பர் முதல் வாரம் என்றால் சென்னையில் என்ன? வடகிழக்குப் பருவமழை. அந்த வருடம் நவம்பர் 6 ராத்திரி தொடங்கி 7 காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது, 2015க்குப் பிறகு அப்படியொரு மழை இல்லை. அறிவிப்பை எழுதியவர் மேல் குறையில்லை, அவருக்கு முன்னால் இருந்தது பார்ட்ஸ் வரும் தேதி. நம்மிடம் இருப்பது மழைக் காலண்டர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது நாம்தான்.

எந்தக் கட்டுப்பாடும் எழுதவில்லை என்றால், எழுத்தில் கேளுங்கள்: “பாகம் மாற்றும்வரை இந்தக் காரை வழக்கம்போல் ஓட்டலாமா?” என்று ஒரு வரி மெயில். போனில் தாராளமாகத் தலையாட்டுபவர்கள் மெயிலில் நிதானமாகிவிடுவார்கள். அந்த நிதானமான பதில்தான் உங்களுக்கு வேண்டும்.

ஏர்பேக் ரீகால் என்றால், பாகம் வரும்வரை ஏர்பேக்கைக் கழற்றிவிடலாமா?

நீங்களாகவோ தெரிந்த மெக்கானிக்கை வைத்தோ ஒருபோதும் வேண்டாம். அது மருந்து நிரப்பிய பாகம், கழற்றும்போதே வெடிக்கலாம். 2014இல் அமெரிக்காவில் டொயோட்டா, பாகம் கிடைக்காத சில கார்களில் முன் பயணி ஏர்பேக்கைத் தானே செயலிழக்கச் செய்து, அந்த இருக்கையில் யாரும் உட்காரக் கூடாது என்று எச்சரித்தது. நிறுவனம் செய்தால் அது அதன் பொறுப்பு. நீங்கள் செய்தால் விபத்துக்குப் பிறகு எல்லாம் உங்கள் தலையில்.

சின்ன ஆறுதல்: முன் பயணி ஏர்பேக்தான் பிரச்சினை என்றால், எல்லோரையும் பின்னால் உட்காரவைத்துப் பெல்ட் போடச் சொல்லலாம்.

ஏற்கெனவே ஒருமுறை மாற்றியாயிற்று. மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

உண்மையிலேயே மறுபடி மாற்ற வேண்டியிருக்கலாம். டகாட்டா விஷயத்தில் வேறு வடிவ பாகம் கிடைக்காதபோது, பழைய உருளையை எடுத்துவிட்டு அதே ரகத்தில் புதிய உருளையைப் போட்டார்கள். மருந்து புதிது, ஈரம் ஏற வருடங்கள் ஆகும், அதுவரை சமாளிக்கலாம் என்பது கணக்கு. அப்படித் தற்காலிகமாக மாற்றிய கார்களை இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும், போய் வாருங்கள். முதல் முறை மாற்றியபோதே “இது நிரந்தரமா, தற்காலிகமா?” என்று கேட்டு ஜாப் கார்டில், அதாவது காரை விடும்போது வேலையை எழுதும் தாளில், எழுதி வாங்கியிருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

ரீகால் என்றே சொல்லாமல், சர்வீஸுக்கு விட்டபோது ஏதோ மாற்றியிருக்கிறார்கள். அப்படியும் செய்வார்களா?

செய்வார்கள். “சர்வீஸ் கேம்பெயின்” என்று ஒரு பெயர் உண்டு. எங்களுக்குச் சுற்றறிக்கை வரும்: இந்த நம்பர் முதல் இந்த நம்பர்வரை கார் உள்ளே வந்தால் இந்தக் குழாயை மாற்றவும். வண்டிக்காரரிடம் சொல்லச் சொல்லி அதில் இருக்காது. பெரும்பாலும் இது கதவு ரப்பர், ஏசி குழாய் போன்ற அற்ப விஷயம்.

அற்பமில்லாத விஷயத்திலும் நடந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலே கோபால்ட் உள்ளிட்ட கார்களில் இக்னிஷன் சுவிட்ச் லூசாக இருந்தது. கனமான சாவிக்கொத்து ஆடினாலோ முழங்கால் பட்டாலோ ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடும். பவர் ஸ்டீயரிங் போய்விடும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது. 2006இல் அந்தச் சுவிட்சைத் திருத்தினார்கள், பார்ட் நம்பரை மாற்றாமல். பழையது எது, திருத்தியது எது என்று விசாரித்தவர்களுக்கே வருடக்கணக்கில் பிடிபடவில்லை. ரீகால் 2014இல்தான் வந்தது, 26 லட்சம் கார்கள். அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. சுவிட்சின் விலையோ சில டாலர்.

எனவே, பில்லில் புரியாத வரி ஏதாவது பூஜ்யம் ரூபாய் என்று இருந்தால், அது என்ன என்று கேளுங்கள். இலவசம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறதா?

2012 ஜூலை முதல் சியாமின் தன்னார்வ விதி மட்டும்தான் இருந்தது. விருப்பப்பட்டால் அழைக்கலாம் என்ற நிலை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். ஒரு மாடல் மீது வரும் புகார்கள், விற்பனை எண்ணிக்கையைப் பொறுத்து நிர்ணயித்த வரம்பைத் தாண்டினால், மத்திய அரசு விசாரித்து ரீகால் செய்யக் கட்டளையிடலாம். அபராதம் 10 லட்சம் ரூபாய் முதல் ஒரு கோடிவரை.

அரசு கட்டளையிட்டு நடக்கும் ரீகாலில், நிறுவனம் காரின் முழு விலையைத் திருப்பித் தரலாம், அல்லது அதே தரத்திலோ மேலான தரத்திலோ வேறு கார் தரலாம், அல்லது சரிசெய்து தரலாம் என்று பிரிவு சொல்கிறது. மஞ்சள் பைப் பெரியவர் நினைத்தது சட்டத்தில் எழுத்தில் இருக்கிறது என்பதை அப்புறம்தான் நானே படித்தேன். அதே பிரிவில், நிறுவனமே குறையைக் கண்டுபிடித்து அரசிடம் தெரிவித்து ரீகாலைத் தொடங்கினால் அபராதம் கிடையாது என்றும் இருக்கிறது. எல்லா அறிவிப்பிலும் “தாமாக முன்வந்து” என்ற சொல் தவறாமல் இடம்பெறுவதன் ரகசியம் இதுதான்.

என் கருத்து: ஒரு கோடி என்பது ஒரு பெரிய கார் நிறுவனத்துக்கு ஒரு பண்டிகை வார விளம்பரச் செலவுகூட இல்லை. ஆனாலும் புகார் எண்ணிக்கை கணக்கில் ஏறுகிறது என்பதால் புகார் செய்வது வீண் இல்லை.

சரி, புகாரை எங்கே, எப்படிச் செய்வது?

முதலில் ஜாப் கார்டு. காரை உள்ளே விடும்போது நீங்கள் சொல்வதை அட்வைசர் தன் பாஷையில் சுருக்குவார். “60இல் போகும்போது திடீரென்று ஸ்டீயரிங் இறுகுகிறது” என்று நீங்கள் சொன்னால் அது “ஜெனரல் செக்கப்” ஆகிவிடும். நானே அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன், டைப் அடிக்கச் சுலபம் என்று. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள், உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். கோர்ட்டுக்குப் போகிற நாளில் “ஜெனரல் செக்கப்” உங்களுக்கு உதவாது.

அப்புறம் நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில். சேசிஸ் நம்பர், எத்தனையாவது கிலோமீட்டரில் என்ன நடந்தது, எந்தெந்தத் தேதியில் போனீர்கள், யார் என்ன சொன்னார்கள். கடைசி வரியில் “பாகம் எந்தத் தேதியில் கிடைக்கும், அதுவரை மாற்று வாகனம் தருவீர்களா” என்று கேள்வியாகவே கேளுங்கள். மாற்று வாகனம் கேட்டவர்களில் சிலருக்குக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்காத யாருக்கும் நாங்களாகக் கூப்பிட்டுக் கொடுத்ததில்லை.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பாதுகாப்புக் குறை என்றால், மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் தளத்தில் வாகன ரீகாலுக்கென்றே உள்ள பகுதியிலும் பதிவு செய்யுங்கள். மேலே சொன்ன வரம்புக்குப் புகார்களைச் சேர்ப்பது அங்கேதான். ட்விட்டரில் திட்டுவது மனசுக்கு இதம், எண்ணிக்கையில் சேராது.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டால் எடுபடுமா?

எடுபட்டிருக்கிறது. ஒருவருடைய ஹூண்டாய் கிரெட்டா 2017இல் விபத்தில் சிக்கியது, ஏர்பேக் விரியவில்லை. முன்பக்கத்தில் போதுமான வேகத்தில் மோதவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட நுகர்வோர் ஒன்றும் இயற்பியல் நிபுணர் இல்லை என்று 2022 ஏப்ரலில் நீதிமன்றம் சொல்லி, டெல்லி மாநில ஆணையம் கொடுத்திருந்த 3 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. ஏர்பேக் இருக்கிறது என்று நம்பித்தானே கார் வாங்குகிறோம் என்ற சாதாரண நியாயத்துக்கு அங்கே இடம் கிடைத்தது.

காருக்கு நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம்வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். கட்டணம் அற்பம்: 5 லட்சம்வரை ஒன்றுமில்லை, 10 லட்சம்வரை 200 ரூபாய், 20 லட்சம்வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் (முன்பு இ-தாகில்) வீட்டிலிருந்தே பதியலாம். நேரம் எடுக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் முறையான நோட்டீஸ் போன அன்றைக்கே “எங்கோ ஒரு டெப்போவில்” பாகம் கிடைத்த அதிசயத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழைய கார் வாங்கப் போகிறேன். ரீகால் முடிக்காத கார் என்றால் விடலாமா?

விடத் தேவையில்லை, வேலையை முடித்துக்கொண்டு வந்து விற்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2016 முதல் பெரிய வாடகைக் கார் நிறுவனங்கள் ரீகால் முடிக்காத காரை வாடகைக்கு விடக் கூடாது. ஆனால் பழைய கார் வியாபாரி அதே காரை விற்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. அங்கேயே அப்படி என்றால், நம் ஊர் பஜாரில் யாரும் உங்களுக்காகப் பார்த்து வைக்கப்போவதில்லை.

வெளிமெக்கானிக்கிடம் சொந்தக் காசில் மாற்றிவிட்டேன், பிறகு ரீகால் வந்தது. பணம் கிடைக்குமா?

பில் இருந்தால் கேளுங்கள். பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

உறவினர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அங்கெல்லாம் எப்படி?

மலேசியாவில் இருப்பவர்கள் டகாட்டா விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வருடம் முழுக்கப் புழுக்கம் உள்ள நாடு, அங்கேயும் ஹோண்டா கார்களில் மரணங்கள் நடந்திருக்கின்றன. பழைய சிட்டி, ஜாஸ் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கும். ஆஸ்திரேலியா செய்தது எனக்குப் பிடித்தது. நிறுவனங்கள் தாமாகச் செய்யட்டும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, 2018 பிப்ரவரியில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்களுக்குக் கட்டாய ரீகால் போட்டார்கள், 2020 டிசம்பர் 31 கெடு. கெடு தேதி என்று ஒன்று இருந்ததும் நிறுவனங்களே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டின. ஏறத்தாழ எல்லாக் கார்களும் முடிந்தன.

மாற்றி முடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்கிக்கொள்வது?

பில்லில் ரீகால் எண்ணும், மாற்றிய பாகத்தின் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். “செக் செய்யப்பட்டது” என்று மட்டும் இருந்தால் மாற்றவில்லை என்று அர்த்தம். பத்து நாள் கழித்து இணையத்தில் சேசிஸ் நம்பரைத் தட்டினால் நிலுவை இல்லை என்று வர வேண்டும். இன்னும் நிலுவை என்று வந்தால், சென்டர் வேலையை முடித்தும் கணினியில் மூடவில்லை, போன் போட்டு மூடச் சொல்லுங்கள். காரை விற்கும்போது அந்த ஒரு வரி தகராறாக வரும்.

இதற்கிடையில் ஒரு போன் வரும். “சர்வீஸ் எப்படி இருந்தது சார், பத்துக்குப் பத்து கொடுத்திடுங்க, ஒன்பது கொடுத்தா எங்களுக்குக் கட் ஆகிடும்” என்று ஒரு பெண்குரல் கெஞ்சும். பாவம், அந்தப் பெண்ணுக்கும் பார்ட்ஸுக்கும் சம்பந்தமில்லை. என் முறை வந்தபோது அந்தப் பெண்ணுக்குப் பத்து கொடுத்தேன். குறிப்பு எழுதும் இடத்தில் “பாகம் வர 143 நாள்” என்று பதியச் சொன்னேன். சிஸ்டத்தில் அப்படி எழுத இடமில்லை சார் என்றது அந்தக் குரல்.